ஜீப்பின் அடிப்பாகத்துக்கும் வர்ணம் வேண்டும்

மலையடிவார ஊர்களில் வாணிபம் செய்கிற நமக்கு ஜீப் என்பது சொகுசு வாகனம் அல்ல. அது கடையின் ஒரு பகுதி. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகும் அரிசி, பருப்பு, எண்ணெய் டின், உப்பு மூட்டை யாவும் கடைசி சில மைல்களை ஜீப்பில்தான் கடக்கின்றன. லாரி ஏறாத பாதையில், நான்கு சக்கரமும் இழுத்தால்தான் சரக்கு தோட்டம் போய்ச் சேரும்.

இப்படி உழைக்கிற வண்டிக்கு நாம் செய்கிற பராமரிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆயுத பூஜைக்கு முன் மேல் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், பம்பருக்குப் பாலிஷ் போடுகிறோம், கடையின் பெயரைப் புதிதாக எழுதுகிறோம். ஆனால் வண்டியை இழுத்துச் செல்கிற பாகங்கள் அனைத்தும் அடியில் இருக்கின்றன. அவற்றுக்கு யார் எப்போது வர்ணம் பூசினார்கள் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. அந்த வேலையை எதற்காகச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடியில் இருப்பவை எவை?

என்ஜினின் சக்தி முதலில் கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்கு வருகிறது. அதன் பின்னால் ஒட்டியிருப்பது டிரான்ஸ்பர் கேஸ். நாம் ‘ஃபோர் வீல்’ போடுகிற சிறிய லீவர் இதற்குரியது. இங்கிருந்து முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு புரொப்பல்லர் சாப்ட்டுகள் கிளம்புகின்றன. அவற்றின் முனைகளில் யு.ஜே. கிராஸ்கள் உண்டு. சாப்ட்டுகள் போய்ச் சேருமிடம் முன், பின் ஆக்சில்கள். ஆக்சிலின் நடுவே உருண்டு புடைத்திருக்கும் ஹவுசிங்கினுள் கிரவுன் பினியன் இருக்கிறது. அங்கிருந்து சக்தி இருபுறமும் சக்கரங்களுக்குப் போகிறது.

1940களின் பிற்பகுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கிய காலந்தொட்டு இந்த அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. 2010-ல் வந்த தார் வண்டியிலும் இதே வரிசைதான். ஆகவே இங்கு சொல்பவை பழைய ஜீப்புக்கும் புதிய வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்தால் அது பல மடங்கு வேகம் பிடிக்கும். உப்பின் குணத்தை மளிகைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கல் உப்பு மூட்டை தானாகவே கசிந்து தரையை நனைப்பதைத் தினமும் பார்க்கிறோம். அதே மூட்டை ஜீப்பில் போகும்போது கசிகிற நீர் தரைத் தகட்டின் இடுக்குகள் வழியே இறங்கி, நேராகப் பின் புரொப்பல்லர் சாப்ட்டின் மீதும் ஆக்சிலின் மீதும் சொட்டுகிறது. தோட்டங்களுக்குப் பொட்டாஷ் உரம் ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதை. அதுவும் ஒரு வகை உப்புதான்.

பாதையில் தெறிக்கிற சரளைக் கற்கள் இருக்கிற வர்ணத்தையும் கொத்தி எடுத்துவிடுகின்றன. மலையில் தென்மேற்குப் பருவமழை, அடிவாரத்தில் வடகிழக்குப் பருவமழை என்று ஜூன் முதல் டிசம்பர் வரை அடிப்பாகம் ஈரம் காய்வதற்கே வழியில்லை. புது வண்டிதானே என்று இருப்பதற்கும் இல்லை. மேல் பாடிக்குத் தருகிற கவனத்தைத் தொழிற்சாலைகள் ஆக்சில் ஹவுசிங்குக்குத் தருவதில்லை. மெல்லிய ஒரு கறுப்புப் பூச்சுதான் அங்கு இருக்கும்.

ஹவுசிங் கனமான இரும்பாயிற்றே, துரு தின்று எப்போது ஓட்டை விழப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கனமான ஹவுசிங்கைத் துரு எளிதில் தின்றுவிடாதுதான். ஆனால் அதை ஒட்டியிருக்கிற மெல்லிய பாகங்களைத் தின்னும். பின் ஆக்சிலின் மீது ஓடுகிற இரும்பு பிரேக் பைப், பட்டையைப் பிடித்திருக்கும் யு போல்ட்டின் மரை, ஆயில் வடிக்கும் பிளக், குழாயாலான புரொப்பல்லர் சாப்ட் ஆகியவையே முதலில் பலியாகின்றன. லோடோடு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பிரேக் பைப் விட்டுக்கொடுத்தால் நஷ்டம் சரக்கோடு நிற்காது. டிரைவர், சுமை தூக்குகிற ஆள் ஆகியோரின் உயிரும் அந்தப் பைப்பை நம்பியே இருக்கிறது.

ஆகவே இதை அழகு வேலையாக எண்ண வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை நாம் கடையில் இருப்பு எடுப்பதில்லையா? மூட்டையை நகர்த்தினால்தான் அடியில் எலி கடித்தது தெரியும். அதுபோல வண்டியின் அடியைத் துடைத்து வர்ணம் பூசுகிற நாள், அடிப்பாகத்தின் இருப்பு எடுக்கிற நாள். வர்ணம் அதில் பாதிப் பலன்தான். ஒவ்வொரு போல்ட்டையும் கண்ணால் பார்த்துவிட்டோம் என்பது மறுபாதிப் பலன்.

எப்போது செய்வது?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். பொங்கல் வியாபாரம் முடிந்திருக்கும், ஜூன் மழைக்கு முன் வர்ணம் நன்றாக இறுகியிருக்கும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதும், பனி இறங்கும் அதிகாலையிலும் பூசக்கூடாது. குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் நிற்கும். அதன் மேல் பூசியது உரிந்து வரும். காலை 10 மணிக்கு மேல் தொடங்கி மாலை 4 மணிக்குள் முடிப்பது நலம்.

முதல் வேலை: கழுவுதல்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுப்பது கூடவே கூடாது. கெட்டியான இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட வேண்டும்.

வரிசை முக்கியம்: முதலில் எண்ணெய்ப் பிசுக்கு, பிறகு துரு, அதன் பின் வர்ணம். பிசுக்கு இருக்கும்போதே கம்பி பிரஷ் போட்டால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் பரவி, தேய்த்த இரும்பின் மேலும் ஏறிக்கொள்ளும். கெட்டியான சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் அல்லது டீசலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்கலாம். ஆனால் அதோடு விட்டுவிடக்கூடாது. மண்ணெண்ணெயும் டீசலும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கடைசியில் சுத்தமான துணியில் தின்னர் நனைத்துத் துடைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடைத்தால் போதும். இதற்குப் பெட்ரோல் பயன்படுத்துவது தீயை வருந்தி அழைப்பதாகும்.

வாட்டர் சர்வீஸில் கொடுத்தால், ஆயில் சீல்கள் மீதும் ஆக்சிலின் மேலுள்ள மூச்சுத் துவாரத்தின் மீதும் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடாக வந்த ஆக்சில் தண்ணீர் பட்டுக் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளித் தண்ணீரை உள்ளிழுக்கும். ஓடை கடந்த வண்டிகளில் ஆயில் பால் போல வெளுத்திருப்பதற்கு இதுவே காரணம். அப்படி இருந்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டக்கூடாது.

கழுவிய பின் இரண்டு நாட்கள் ஓட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். எங்கே ஆயில் கசிகிறது என்பது இப்போது தெளிவாகத் தெரியும். சீல், பேக்கிங் மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகே வர்ணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கசிகிற இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது. பிரேக் ஆயில் கசிவு இன்னும் மோசம்; அது காய்ந்த எனாமலையும் கரைத்துவிடும்.

துரு நீக்குதல்

பொரிந்து நிற்கும் துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, பிறகு 80-ம் எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பழைய வர்ணம் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் முழுவதும் எடுக்கத் தேவையில்லை. 120-ம் எண் தாளால் மேலாகத் தேய்த்து விளிம்பைச் சரிவாக்கினால் போதும். குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கடைகளில் கிடைக்கும். தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடி கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். பழைய வண்டிகளின் வர்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகாமல் முகமூடியும் கண்ணாடியும் அணிவது அவசியம்.

பிரேக் பைப்பைத் தனியாகப் பாருங்கள். மேலாகச் செம்மை படர்ந்திருந்தால் துடைத்துப் பூசலாம். நகத்தால் வருடும்போது குழி தட்டுப்பட்டால் பைப்பை மாற்றிவிட வேண்டும். குழி விழுந்த பைப்பின் மேல் வர்ணம் பூசுவது, உளுத்த பருப்பின் மேல் நல்ல பருப்பைக் கொட்டி மூடுவதற்குச் சமம். அங்கே வாடிக்கையாளர் ஏமாறுவார். இங்கே நாமே ஏமாறுவோம்.

வர்ணம் படக்கூடாத இடங்கள்

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

1. மூச்சுத் துவாரம்: ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் ஆகியவற்றில் காற்று போய்வரச் சிறிய மூடியோ குழாயோ உண்டு. இதைப் பெயிண்ட் அடைத்தால், ஓட்டத்தில் சூடேறி விரிகிற காற்று போக வழியின்றி, ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். பின் ஆக்சிலில் அந்த ஆயில் போய்ச் சேரும் இடம் பிரேக் டிரம். நமக்குத் தெரிந்த ஒரு மளிகை வணிகரின் ஜீப்புக்கு ஒரு பட்டறையில் அடிப்பாகம் முழுவதும் ஸ்பிரே அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் புது வண்டி போல இருந்தது. சில நடை போய்வந்ததும் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியது. டிரம்மைக் கழற்றியபோது லைனிங் ஆயிலில் ஊறியிருந்தது. மூச்சுத் துவாரம் வர்ணத்தால் மூடிக் கிடந்தது. நல்ல வேளையாக அது சமதளத்திலேயே தெரிந்துவிட்டது.

2. கை பிரேக் டிரம்: பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், புரொப்பல்லர் சாப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அதன் உட்புறத்தில் பெயிண்டோ ஆயிலோ போனால், சரிவில் லோடோடு நிறுத்திய வண்டி நிற்காது.

3. புரொப்பல்லர் சாப்ட்டின் சறுக்கு மூட்டு: வண்டி குதிக்கும்போது சாப்ட் நீண்டு சுருங்கும். அந்த ஸ்ப்ளைன் பற்களில் வர்ணம் காய்ந்தால் மூட்டு இறுகி, அதிர்ச்சி முழுவதும் கிராஸின் மீது விழும்.

4. கிராஸ்களின் கிண்ணங்கள், கிரீஸ் நிப்பிள்கள்: நிப்பிள் அடைத்தால் கிரீஸ் ஏறாது, கிரீஸ் ஏறாத கிராஸ் நெடுநாள் உழைக்காது.

5. முன் ஆக்சிலின் உருண்டை: பழைய ஜீப்பில் முன் சக்கரம் திரும்பும் இடத்தில் பளபளப்பான இரும்பு உருண்டை ஒன்று தெரியும். அதை நமுதாவும் சீலும் வழித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் பெயிண்ட் காய்ந்தால் சீலைக் கிழித்துவிடும். அங்கே பூச வேண்டியது கிரீஸ்.

6. ரப்பர் பாகங்கள், பிரேக் ஓஸ், ஆயில் பிளக்குகளின் மரை, முன் சக்கர லாக்கிங் ஹப்பின் திருகு.

7. எண்கள்: சேஸிஸ் எண், என்ஜின் எண் பதித்த இடங்களைக் கனமாகப் பூசி மூடிவிட்டால் எப்.சி. காட்டும் நாளில் சுரண்டிக்கொண்டிருக்க நேரும்.

மறைப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. பெரிய இடங்களுக்கு நம் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருக்கும் பழைய செய்தித்தாளும் ஒட்டு டேப்பும் போதும். நிப்பிள், திருகு போன்ற சிறிய இடங்களில் லேசாகக் கிரீஸ் தடவிவிட்டால் அங்கே பெயிண்ட் பிடிக்காது. காய்ந்த பின் துணியால் துடைத்துவிடலாம். பக்கத்தில் பூச வேண்டிய இரும்பில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத் துவாரத்தை மட்டும் டேப் கொண்டு மூடி, வேலை முடிந்ததும் பிரித்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாப்ட்டில் இன்னும் இரண்டு கவனம் தேவை. அதன் மேல் பற்ற வைத்திருக்கும் சிறு இரும்புத் துண்டுகள் எடை சமன் செய்வதற்காக வைத்தவை. துரு என்று எண்ணித் தட்டி எடுத்துவிடக்கூடாது. பழைய ஜீப்பில் டாப் கியரில் போகும்போது பின் சாப்ட் என்ஜின் சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றுகிறது. ஒரு பக்கம் மட்டும் வர்ணம் திரண்டு நின்றாலும் நடுக்கம் வரலாம். ஆகவே அங்கு மெல்லிய பூச்சே போதும். சாப்ட்டைக் கழற்றினால் இரு துண்டும் சேருமிடத்தில் முன்கூட்டியே அடையாளம் இட்டு, அதே நிலையில் பூட்ட வேண்டும்.

எந்த வர்ணம்? எத்தனை பூச்சு?

இரும்புக்கு முதல் பூச்சு பிரைமர். எல்லா ஊரிலும் கிடைப்பது ரெட் ஆக்சைடு. அதைவிட ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர் துருவை நன்கு தடுக்கும். இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர் இன்னும் உறுதியானது. ஆனால் டப்பாவில் சொன்ன அளவு பிசகாமல் கலந்து, சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். கலந்ததை நாளைக்கு வைக்க முடியாது. மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமர் உடலுக்குக் கேடு செய்வது, தவிர்ப்பது நல்லது. கியர் பாக்ஸோ டிரான்ஸ்பர் கேஸோ அலுமினியத்தில் இருந்தால் ரெட் ஆக்சைடு சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள எட்ச் பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும்.

துரு நீக்கிய அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். இரவு திறந்து கிடந்தால் காலையில் மீண்டும் செம்மை படர்ந்திருக்கும். பிரைமர் ஒரு நாள் காய்ந்த பின் சிந்தெடிக் எனாமல் இரண்டு மெல்லிய பூச்சு, இடையில் ஓர் இரவு. ஒரே கனமான பூச்சு மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நிற்கும். கல் பட்டதும் பொளபொளவென உதிரும். கியர் பாக்ஸ், ஆக்சிலில் ஏறுகிற சூட்டை நல்ல எனாமல் தாங்கும். சைலென்சர் குழாய்க்கு மட்டும் அது கருகிவிடும். அதற்குச் சூடு தாங்கும் அலுமினிய பெயிண்ட் தனியாக உண்டு.

பிரஷ்ஷே போதுமானது. ஸ்பிரே அழகாக இருக்கும், ஆனால் வேண்டாத இடத்திலெல்லாம் படியும். பிரஷ்ஷில் பூசுவதானால் பிரைமர் ஒரு லிட்டர், எனாமல் ஒரு லிட்டர் ஒரு ஜீப்பின் இந்தப் பாகங்களுக்குப் போதும். வண்டி நின்று ஒரு நடை தவறுகிற நஷ்டத்தோடு இந்தச் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறம் எதுவாக இருக்கட்டும்?

பட்டறைக்காரர்கள் கறுப்பைத்தான் சொல்வார்கள். அழுக்குத் தெரியாது என்பார்கள். அழுக்கு மட்டுமல்ல, ஆயில் கசிவும் தெரியாது. நம் அபிப்பிராயம் வெளிர் சாம்பல் நிறம். அதில் ஒரு சொட்டு ஆயில் இறங்கினாலும் கோடு தெரியும். வெடிப்பு விட்டால் துருக்கோடு சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். கணக்குப் புத்தகத்துக்கு வெள்ளைத் தாள் வைப்பதன் காரணம் இதற்கும் பொருந்தும்.

வண்டியை எடுக்கும் முன்

பூசி முடித்ததும் ஒரு நாள் நிறுத்தி, பிறகு லோடின்றி ஓட்டலாம். எனாமல் நன்றாக இறுக ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை ஓடையில் இறக்கவோ உப்பு ஏற்றவோ வேண்டாம். புறப்படும் முன் மறைத்த டேப்புகள் அனைத்தையும் எடுத்தோமா, மூச்சுத் துவாரம் திறந்திருக்கிறதா, நிப்பிள்களில் கிரீஸ் ஏறுகிறதா, ஆயில் பிளக்குகள் திறந்து மூடுகின்றனவா, கை பிரேக் சரிவில் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இதை டிரைவரிடம் விட்டுவிடாமல், சரக்கு இறங்கும்போது பட்டியலைச் சரிபார்ப்பது போல முதலாளியே உடனிருந்து பார்ப்பது உசிதம்.

கழிவு ஆயில் அடிப்பது பற்றி

வர்ணத்துக்குப் பதிலாக எடுத்துவிட்ட என்ஜின் ஆயிலை அடியில் ஸ்பிரே செய்யும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. சில நாட்களுக்கு ஈரத்தைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது புழுதியை இழுத்துப் பிடித்துச் சேறாக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், பிரேக்கில் சிதறினால் ஆபத்து, புதிய கசிவு எது பழைய ஆயில் எது என்று தெரியாமல் செய்துவிடும். போதாக்குறைக்கு ஓடையைக் கடக்கும்போது ஊரார் குடிக்கும் தண்ணீரிலும் கலக்கும். இதைக் கைவிடுவதே நன்று.

அதைவிட எளிய பழக்கங்கள் இரண்டு. ஒன்று, உப்போ உரமோ ஏற்றும்போது அடியில் கெட்டியான தார்ப்பாய் விரித்து, ஓரங்களை மேலே மடித்துவிடுவது. இரண்டு, இறக்கியதும் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, ஒருமுறை ஓட்டிக் காயவைப்பது. மாதம் ஒருமுறை குனிந்து பார்த்து, கல் கொத்திய இடத்தில் சுரண்டிப் பிரைமரும் வர்ணமும் தொட்டுவிட்டால் முழு வேலை அடுத்த சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாது.

கடையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் இரவு உட்கார்ந்து தேடுகிறவர்கள் நாம். அந்தக் கண்ணை வண்டியின் அடிப்பாகத்துக்கும் கொஞ்சம் திருப்புவோம். வருகிற கோடையில், மழைக்கு முன், மூன்று நாள் ஒதுக்கி இதைச் செய்துவிட்டால், மலையில் நம் சரக்குக்காகக் காத்திருப்பவர்களுக்கும், அதை ஏற்றிச் செல்கிற நம் ஆட்களுக்கும் நாம் பட்ட கடமை தீரும்.